பேய்க்கு வீடுதான் வசதி

பேய்ப்படம் என்றால் தியேட்டரில்தான் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பெரிய திரை, நாலாபக்கமும் ஸ்பீக்கர், கும்மிருட்டு என்று காரணம் அடுக்குவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. தியேட்டரில் நாம் பயப்படும்போது கூடவே முந்நூறு பேர் பயப்படுகிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் சத்தம் போட்டுச் சிரித்தும் விடுகிறார்கள். படம் விட்டதும் வண்டி டோக்கனைத் தேடுகிற அவசரத்தில் பாதிப் பயம் போய்விடும். மீதி, வழியில் இருக்கும் பரோட்டாக் கடையில் தீர்ந்துவிடும். வீட்டில் அதற்கெல்லாம் வழி கிடையாது. எந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்தோமோ அதே ஹாலைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு அங்கேயேதான் படுக்க வேண்டும். பரண், கதவிடுக்கு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருட்டு எல்லாம் நாமே கடன் வாங்கிக் கட்டி வைத்த செட்.

ராகவா லாரன்ஸ் இதைச் சரியாகப் பிடித்தார். 2011-ல் வந்த ‘காஞ்சனா’வின் நாயகன் பொழுது சாய்ந்தால் அம்மாவை விட்டு நகர மாட்டான். பாத்ரூம் போகவே துணைக்கு ஆள் வேண்டும். கல்யாண வயதுப் பிள்ளை இப்படிச் செய்வதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். ஆனால் கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது நகைச்சுவைக் காட்சியே அல்ல, அன்றாட நடைமுறை. அந்தப் படம் டிவியில் எத்தனை தடவை போட்டாலும் ஓடுவதற்கு ஒரு காரணம், அதில் இருக்கும் பயம் வீட்டுப் பயம். காடு, பாழடைந்த கோட்டை, வெள்ளைக்காரன் கல்லறை என்று அது எங்கேயும் போகவில்லை. அம்மா, அண்ணன், அண்ணி, நாலு அறை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஆரம்பம் டெக், அதாவது வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கும் பெட்டி. எண்பதுகளின் கடைசியில் டிவி, டெக், மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகை பேசி, தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து எடுப்பார்கள். முதலில் சாமி படம். அடுத்தது ரஜினியா எம்.ஜி.ஆரா என்று சண்டை போட்டு முடிவாகும் ஒரு படம். பேய்ப்படம் கடைசி. சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுவதாகப் பேச்சு. யார் தூங்கினார்கள்? கண்ணை மூடிக்கொண்டு பாயில் கிடந்தோம். படத்தின் குறுக்கே கோடு விழ ஆரம்பித்தால் டெக்கோடு வந்த பையன் மேல்மூடியைக் கழற்றி, பழைய பனியன் துணியில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பான். துடைத்து முடிக்கும்வரை திரை நீலமாக நிற்கும். ஒருவரும் பேச மாட்டார்கள். படத்தில் பார்த்ததைவிட அந்த நீல வெளிச்சத்தில் தெரிந்த பெரியவர்களின் முகங்கள்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அவர்களும் பயந்துபோய்த்தான் இருந்தார்கள்.

மாயாஜாலப் படங்கள் வேறு ஜாதி. அவற்றுக்கும் வீடுதான் பொருத்தம் என்பேன், ஆனால் காரணம் பயம் அல்ல, பேச்சு. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது நான் பிறக்கவில்லை. நான் பார்க்க ஆரம்பித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரப் படம் என்பது ஊர்க் கூட்டம். விட்டலாச்சார்யா படம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டம் சேரும். மாயாஜாலப் படங்களுக்கென்றே பேர் போன இயக்குநர். உடுப்பிப் பக்கம் பிறந்து கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் பேர் வாங்கி, தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்தவர். 1978-ல் வந்த ‘ஜகன்மோகினி’யில் பேய் சமைக்கும். விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துக்கொள்ளும். கால் எரியும், உலை கொதிக்கும். அந்தக் காட்சியைப் பார்த்த எந்தப் பாட்டியும் பயந்ததாக எனக்கு நினைவில்லை. விறகு கிடைக்காத மழைக்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

‘மாயா பஜார்’ வந்தால் என் சித்தப்பா விளக்கவுரையாளர் ஆகிவிடுவார். லட்டு தானாகப் பறந்து ரங்காராவ் வாயில் விழும் காட்சியில், ‘இதை எப்படி எடுத்தான் தெரியுமா’ என்று தொடங்குவார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விளக்கம் வரும். ஒருமுறை நூல், ஒருமுறை கண்ணாடி, இன்னொரு முறை படத்தைப் பின்னாலிருந்து ஓட்டியது. எது சரி என்று யாரும் சரிபார்க்கவில்லை. தியேட்டரில் இப்படிப் பேசினால் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். மாயாஜாலப் படத்தில் பாதி இன்பம் ‘எப்படி எடுத்தான்’ என்பதில் இருக்கிறது. அதைப் பேச வாய் வேண்டும், கேட்கக் கூட்டம் வேண்டும்.

1957-ல் வந்த அந்தப் படத்தில் இன்னொரு விஷயம். சாவித்திரிக்குக் கிருஷ்ணன் ஒரு பெட்டி கொடுப்பார். திறப்பவருக்கு யார் பிரியமோ அவர் உள்ளே தெரிவார். சாவித்திரி திறந்தால் காதலன் அபிமன்யு தெரிகிறான், இங்கிருந்து இவரும் அங்கிருந்து அவரும் பாடுகிறார்கள். இந்தியாவில் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தில்லியில் நடந்தது 1959-ல். அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே வடபழனி ஸ்டூடியோ ஒன்றில் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிற பெட்டியை யோசித்துவிட்டார்கள். அதைப் பெட்டி டிவியிலும் பார்த்தேன், இப்போது மடிக்கணினியில் பார்க்கும்போது மூடியைத் திறக்கிற சைகைகூட அப்படியே பொருந்துகிறது.

இதே ஆட்கள் வேறு வழியிலும் வீட்டுக்குள் வந்தவர்கள். படத்தைத் தயாரித்த விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-லேயே ‘அம்புலிமாமா’ என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்கள். தோளில் பிணம், கையில் வாளோடு நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்து வரைந்து நம் கண்ணில் பதித்திருந்தார். அதனால்தான் எண்பதுகளில் தூர்தர்ஷன் ‘விக்ரம் அவுர் பேத்தாள்’ போட்டபோது இந்தி ஒரு எழுத்துத் தெரியாத எங்கள் தெரு, கதையை ஒரு இடத்திலும் தவறவிடவில்லை. வேதாளம் என்ன கேட்கும், ராஜா வாயைத் திறந்ததும் எங்கே பறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத பாஷையில் தெரிந்த பேய்.

அப்புறம் ‘மர்மதேசம்’ வந்தது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி. சன் டிவி. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். முதலில் ‘ரகசியம்’ என்ற கதை, அதைத் தொடர்ந்து ‘விடாது கருப்பு’. ஒரு கிராமத்தில் தப்பு செய்கிறவர்களைக் காவல்தெய்வமான கருப்பே தேடி வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. சாமியா, மனிதனா? வாரத்துக்கு ஒருமுறை வரும் தொடர், இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எங்களை இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் ஊர் எல்லையிலும் ஒரு கருப்பசாமி உண்டு. குதிரை, வீச்சரிவாள், உருட்டி விழித்த கண். கிடா வெட்டுக்குப் போய்க் கறிச்சோறு தின்ற இடம். ஆகவே அந்தத் தொடரில் வந்த குதிரைக் குளம்புச் சத்தம் எங்களுக்குக் கதைச் சத்தம் அல்ல. என் அப்பத்தா அதுவரை எந்த நாடகத்தையும் மதித்ததில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டு, பாதிப் பார்வையில் பார்ப்பார். ‘விடாது கருப்பு’ தொடங்கியதும் வெற்றிலைப் பெட்டி மூடப்பட்டது. ‘கருப்பு வர்ற நேரத்துல டிவிக்கு நேரா காலை நீட்டாதீங்கடா’ என்று ஒரு சட்டம் போட்டார். வீட்டில் கோழிக் குழம்பு என்றால் பிரச்சினையில்லை, அந்தச் சாமிக்கு அது ஆகும். ஆனால் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும்.

சித்தப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் கொஞ்சம் கறுப்புச் சட்டைப் பக்கம் சாய்ந்தவர்.

‘எவனோ வேஷங்கட்டிக்கிட்டுத்தான் இதெல்லாம் செய்றான். இருந்து பாருங்கம்மா, கடைசில அப்படித்தான் காட்டுவான்’ என்றார் ஒருநாள்.

அப்பத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘வேஷங்கட்டினவன் மேலதான்டா சாமி வரும்’ என்றார்.

அந்தத் தொடரைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ விமர்சனம் படித்துவிட்டேன். உளவியல், நாட்டார் வழக்காறு என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அப்பத்தா சொன்னதைத் தாண்டி ஒருவரும் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். சாமியாட்டம் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, ‘சாமியா மனிதனா’ என்பது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியே இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் வரலாம். நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் முடிச்சைப் போட்ட இடமும் அதுதான். பார்க்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லவில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். அன்று என் வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளில் பாதிக்கு மேல் அவருடைய புத்தகத்தைப் பற்றி இல்லை, எந்த வீட்டில் யாரோடு உட்கார்ந்து கருப்பைப் பார்த்தோம் என்பதைப் பற்றித்தான்.

அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஏழு நாள் காத்திருப்போம். அந்த ஏழு நாளும் பேய் வீட்டில் நம்மோடு குடியிருந்தது. குழாயடியில் பெண்கள் ஒரு ஆளைச் சந்தேகப்பட்டார்கள், டீக்கடையில் வேறு ஆள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டோம். தொடர் நேரத்தில் கரண்ட் போனால் வேறு லைனில் இருக்கிற தெருவுக்கு ஓட வேண்டும். முன்பின் பழக்கமில்லாத வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்திருக்கிறோம். இருட்டில் திரும்பி வருவது தனிக் கதை. ஒரு தொடரின் எழுத்தும் ஒளிப்பதிவும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்த ஏழு நாளை எந்த இயக்குநராலும் எடுக்க முடியாது. மேலே நான் வீட்டுக்கு ஆதரவாகச் சொன்ன வாதத்தின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது. வீட்டில் பார்க்கும்போது கதை முடியாமல் நிற்கலாம். தியேட்டரில் அது முடியாது.

அம்மன் படங்களைச் சீக்கிரமாகத் தாண்டிவிடுகிறேன். ஆடி பிறந்தால் போதும், எல்லாச் சேனலிலும் வேப்பிலை. ராம நாராயணன் 2000 என்ற ஒரே வருடத்தில் ‘ராஜகாளியம்மன்’, ‘பாளையத்து அம்மன்’ என்று இரண்டு எடுத்தார். பாம்பு, சூலம், மஞ்சள் சேலை, கடைசியில் விஸ்வரூபம். இவற்றில் எனக்குப் பிடித்தது தெலுங்கிலிருந்து வந்த ‘அம்மன்’. தெலுங்கில் 1995-ல் வந்தது. அதை இயக்கிய கோடி ராமகிருஷ்ணாவும் தயாரித்த ஷ்யாம் பிரசாத் ரெட்டியும்தான் 2009-ல் ‘அருந்ததீ’யையும் கொடுத்தார்கள். அனுஷ்கா நடித்த அந்தப் படத்தை விளம்பர இடைவேளை இல்லாமல் முழுசாகப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். சமாதி விரிசல் விடுகிறது, கை வெளியே வரப்போகிறது, டக்கென்று ஒரு குழந்தை சோப்பு போட்டுக் குளிக்கிறது. விளம்பரம் முடிந்து வந்தால் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து மறுபடி போடுவான். அதாவது அதே பயத்தை இரண்டு தடவை பட வேண்டும். இதை எரிச்சல் என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அந்த இடைவேளைதான் பாத்ரூம் போக, கும்பலாக.

அதே 2009-ல் வந்த ‘யாவரும் நலம்’ வீட்டில் டிவி பார்ப்பவர்களையே குறிவைத்த படம். விக்ரம் குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு, மாதவன் நாயகன். பதின்மூன்றாவது மாடியில் புது ஃபிளாட் வாங்கிக் குடிபோகிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு சீரியல் வருகிறது. பெண்கள் ரிமோட்டை எடுத்து மாற்றப் பார்த்தால் மாறுவதில்லை. போகப் போக, சீரியலில் வரும் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இவர்களுக்கும் நடக்கிறது. அது அந்த வீட்டு டிவியில் மட்டும்தான் தெரிகிறது. இதற்குப் பதினோரு வருடம் முன்பே ஜப்பானில் ஹிடியோ நகாட்டாவின் ‘ரிங்’ டிவிக்குள்ளிருந்து பேயை ஊர்ந்து வரச் செய்துவிட்டது. இரண்டையும் ஒப்பிட்டால் எனக்கு நம்முடையதுதான் ஒரு படி மேல். ஜப்பான் பேய் டிவியை வாசலாகப் பயன்படுத்துகிறது. இங்கே பேய் சீரியல் நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. தமிழ்க் குடும்பத்தில் எந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய கதை. இதைத் தியேட்டரில் பார்த்தவர்கள் நல்ல படம் என்றார்கள். வீட்டில், மத்தியானம், தனியாகப் பார்த்த என் அத்தை ஒரு வாரம் டிவியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்.

சரி, இவ்வளவு பேசிவிட்டு வீட்டுத் திரையின் குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. இப்போது எல்லா வீட்டிலும் பெரிய டிவி வந்துவிட்டது. மாயாஜாலத்துக்கும் பேய்க்கும் அதுவே வினை.

2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி சீசனின் மூன்றாவது பகுதி வந்தது. 82 நிமிடம், பிணப்படையோடு ராத்திரிச் சண்டை. உலகம் முழுக்க ஒரே புலம்பல்: ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், மக்களுக்குத் தங்கள் டிவியைச் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்கிற மாதிரிப் பதில் சொல்ல, இன்னும் கோபம் கிளம்பியது. அமெரிக்காவில் அது ஞாயிறு இரவு ஒன்பது மணி. நமக்குத் திங்கள் காலை ஆறரை. இங்கே சுடச்சுடப் பார்த்தவர்கள் எல்லாம் கிழக்கு ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஆபீஸ் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் திரைச்சீலை போதாமல் போர்வையை ஜன்னலில் மாட்டினேன்.

குறை இருபக்கமும் இருந்தது. இணையத்தில் அனுப்பப் படத்தைச் சுருக்கும்போது முதலில் அடிவாங்குவது இருட்டுத்தான். கண்ணுக்குத் தெரியாத பகுதி என்று அதற்குக் குறைவான டேட்டா ஒதுக்கப்படுகிறது. நெட் கொஞ்சம் மெதுவானால் போதும், மெல்லக் கறுக்க வேண்டிய வானம் படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாக உடைகிறது. ‘மாயா பஜார்’ ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி ஸ்டூடியோவுக்குள்ளேயே உண்டாக்கிய நிலவொளி பழைய டயனோரா டிவியிலும் நிலவாகத்தான் இருந்தது. அவர் இருட்டை வெளிச்சத்தால் காட்டினார். இப்போது இருட்டை இருட்டாலேயே காட்டுகிறார்கள். (அந்தப் படத்தின் தெலுங்குப் பிரதிக்கு 2010-ல் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். உழைப்பு பெரிதுதான். எனக்கு நிலாவை யாரோ டியூப்லைட் போட்டு விரட்டியது போல இருந்தது.)

அதைவிட மோசமான ஒன்று கடையிலிருந்து வரும்போதே டிவியில் ஆன் செய்து வைத்திருக்கும் மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 சட்டகம். டிவி தானாக நடுநடுவே சட்டகங்களைக் கற்பனை செய்து சொருகி, எல்லாவற்றையும் வழுவழுவென்று ஓட்டுகிறது. கிரிக்கெட்டுக்கு நல்லது. மாயாஜாலத்துக்கு விஷம். ராட்சசன் ஒட்டுத்தாடி வைத்த மனிதனாகிவிடுகிறான், அரண்மனை அட்டையாகிவிடுகிறது. 2012-ல் ‘தி ஹாபிட்’ படத்தை நொடிக்கு 48 சட்டகத்தில் காட்டியபோது வந்த புகாரும் இதேதான்: செட், செட்டாகத் தெரிகிறது. டாம் குரூஸ் 2018-ல் ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து அதை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். என் யோசனையும் அதுவே. டிவியில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் படம் என்ற பகுதிக்குள் போய் மோஷன், ஸ்மூத், கிளியர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். ‘விவிட்’ என்று இருப்பதைத் தொடவே வேண்டாம். பேய்க்கு விவிட் ஆகாது. சத்தத்துக்கு ‘நைட் மோட்’ என்று இருக்கும். முணுமுணுப்பைத் தூக்கி, அலறலைக் குறைத்துக் கொடுக்கும். குழந்தை தூங்கும் வீடுகளில் வால்யூம் பட்டனிலேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டு படம் பார்க்கும் வேலை மிச்சம்.

ஹெட்போன் மாட்டிப் போனில் பேய்ப்படம் பார்ப்பதைப் பற்றி என் மகள் தலைமுறையோடு எனக்குத் தகராறு உண்டு. சத்தம் காதுக்குள் துல்லியமாகக் கேட்கிறது, உண்மைதான். ஆனால் ஹெட்போன் மாட்டியவருக்கு வீட்டின் சத்தம் கேட்காது. சமையலறையில் தானாக உருளும் டம்ளர், பல்லி, பக்கத்து வீட்டுக் குழாய், இதெல்லாம் சம்பளம் வாங்காமல் நடிக்கிற துணை நடிகர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எப்படிப் பயப்படுவது?

கவிதாலயாவின் யூடியூப் பக்கத்தில் ‘மர்மதேசம்’ கிடைக்கிறது. போன மாதம் ‘விடாது கருப்பு’வை வீட்டில் தொடங்கினோம். என் நிபந்தனை ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு பகுதி, அதற்கு மேல் கிடையாது. மனைவிக்குச் சம்மதம். மகள் முகத்தைச் சுளித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். இரண்டாவது வாரமே அவள் நடத்தையில் ஒரு மாற்றம் தெரிந்தது. நாங்கள் யாரையாவது சந்தேகப்பட்டால் லேசாகச் சிரிக்கிறாள். நேற்று பாத்திரம் துலக்கும் விஷயத்தில் அம்மாவுக்கும் அவளுக்கும் வாக்குவாதம். ‘இன்னைக்கும் என்னையே துலக்கச் சொன்னா கருப்பு யாருன்னு சொல்லிடுவேன்’ என்றாள். மனைவிக்கு அந்தக் கதை தெரியாது, சென்னையில் வளர்ந்தவள், அப்போது வேறு சேனல் பார்த்திருக்கிறாள். பாத்திரத்தை நான் துலக்கினேன்.